திருவாதிரை சிவப்பாக இருப்பது விலகிச் செல்வதாலா? (நிறமாலைக் கோடுகள் பற்றிய இழை)

பென்னாகரம் ஆசிரியர் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். பென்னாகரம் அருகே ஒரு பள்ளியில் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்துகிறேன். டாப்ளர் விளைவைப் பாடமாக நடத்திய மறுநாள் ஒரு மாணவி எழுந்து, "விலகிப் போகும் பொருளின் ஒளி சிவப்புப் பக்கம் நகரும் என்று சொன்னீர்கள். திருவாதிரை சிவப்பாகத் தெரிவது அது நம்மை விட்டுப் போய்க்கொண்டிருப்பதாலா, ஐயா?" என்று கேட்டாள். இல்லை, அது குளிர்ந்த நட்சத்திரம், அதனால்தான் அந்த நிறம் என்று சொல்லி உட்காரவைத்துவிட்டேன். பதில் சரிதான். ஆனால் எண் எதையும் காட்டாமல் சொன்ன பதில் என்பதால் எனக்கே அது நிறைவளிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து யோசித்தபோது அதைவிடக் கடினமான கேள்வி ஒன்று எழுந்தது. ஒரு நட்சத்திரத்தின் ஒளியைப் பிரித்தால் கிடைப்பது ஒரே ஒரு பட்டைதான். அதிலிருந்தே வேகம், வெப்பநிலை, வேதியியல் கூறுகள், தற்சுழற்சி எல்லாவற்றையும் எடுத்துவிடுகிறார்கள். இவை ஒன்றோடொன்று கலந்துவிடாமல் எப்படிப் பிரிகின்றன? அதையும் லட்சக்கணக்கான நட்சத்திரங்களுக்கு எப்படிச் செய்கிறார்கள்? விவரம் அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால், வகுப்பில் எடுத்துச் சொல்ல உதவியாக இருக்கும்.

அரூர் கணக்கு

முதல் கேள்விக்கு எண்ணோடு பதில் தருகிறேன். கோடு நகர்ந்த அளவை அக்கோட்டின் அலைநீளத்தால் வகுத்தால், நட்சத்திரத்தின் வேகத்தை ஒளியின் வேகத்தால் வகுத்த அதே எண் கிடைக்கும். திருவாதிரை நம்மை விட்டு நொடிக்குச் சுமார் 21 கிலோமீட்டர் வேகத்தில் விலகுகிறது. ஒளியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 3,00,000 கிலோமீட்டர். ஆகவே 656.28 நானோமீட்டரில் இருக்க வேண்டிய ஹைட்ரஜனின் சிவப்புக் கோடு 0.046 நானோமீட்டர் மட்டும் நகரும். எந்தக் கண்ணும் இதை நிற மாற்றமாக உணராது.

மஞ்சளாக இருக்கும் ஒளி சிவப்பாவதற்கு அலைநீளம் பத்தில் ஒரு பங்கு நீள வேண்டும். அதற்கு நொடிக்கு 30,000 கிலோமீட்டர் வேகம் தேவை. நம் பால்வெளியில் சூரியன் இருக்கும் பகுதியிலிருந்து மொத்தமாகத் தப்பித்து வெளியேறவே நொடிக்கு 550 கிலோமீட்டர் அளவில் போதும் என்பதை நினைத்தால், அந்த வேகத்தின் பொருந்தாமை விளங்கும்.

மாணவிக்குச் சொல்ல எளிய எதிர்ச்சான்றும் உண்டு. கேட்டை நட்சத்திரமும் சிவப்புதான். அது நொடிக்கு மூன்று கிலோமீட்டர் அளவில் நம்மை நெருங்கி வருகிறது. வெறுங்கண்ணுக்குத் தெரியாத பர்னார்டு நட்சத்திரம் நொடிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் நம்மை நோக்கிப் பாய்ந்து வந்தும் சிவப்பாகவே இருக்கிறது.

ஊத்தங்கரை வானம்

இரண்டாவது கேள்விதான் உண்மையில் சுவையானது. கொஞ்சம் நீளமாக எழுதுவதற்குப் பொறுத்தருள வேண்டும்.

சூரிய ஒளிப் பட்டையில் குறுக்கே கருங்கோடுகள் இருப்பதை 1814-இல் பிரான்ஹோபர் ஐந்நூறுக்கும் மேல் எண்ணி வரைபடமாக்கினார். அவை என்னவென்று அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு தனிமமும் தனக்கென்று குறித்த இடங்களில் மட்டுமே ஒளியை விழுங்கும் என்பதை 1859-இல் கிர்க்காப்பும் புன்சனும் நிறுவிய பிறகுதான் அக்கோடுகள் படிக்கத் தெரிந்த எழுத்துகளாயின. இங்கே கவனிக்க வேண்டியது, ஒரு கோடு எங்கே விழுகிறது என்பதும், அது எவ்வளவு ஆழமாகவும் எந்த வடிவிலும் இருக்கிறது என்பதும் வெவ்வேறு செய்திகள் என்பதே. நட்சத்திரம் நகர்ந்தால் எல்லாக் கோடுகளும் ஒரே விகிதத்தில் இடம்பெயரும். அவற்றின் ஆழம் மாறாது. நட்சத்திரம் சூடாகவோ குளிர்ந்தோ இருந்தால் கோடுகள் தத்தம் இடத்திலேயே நிற்கும். ஆனால் சில ஆழமாகும், சில மங்கும். ஆசிரியர் கேட்ட "கலந்துவிடாமல் எப்படிப் பிரிகின்றன" என்பதற்கு அடிப்படை விடை இதுதான்.

ஆழத்தைப் படிப்பதில்தான் ஒரு பெரிய பொறி இருந்தது. ஹைட்ரஜன் கோடு ஆழமாக இருந்தால் அங்கே ஹைட்ரஜன் நிறைய இருக்கிறது, மங்கலாக இருந்தால் குறைவு என்றுதான் யாரும் நினைப்பார்கள். அப்படியில்லை. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஹைட்ரஜன் கோடு உண்டாக வேண்டுமானால், அணுவின் எலக்ட்ரான் முன்பே இரண்டாம் ஆற்றல் மட்டத்தில் ஏறி நிற்க வேண்டும். திருவாதிரை போன்று 3,600 கெல்வின் அளவில் இருக்கும் நட்சத்திரத்தில் ஏறக்குறைய எல்லா எலக்ட்ரான்களும் கீழ்மட்டத்திலேயே கிடக்கும். மிகச் சூடான நீல நட்சத்திரத்தில் அணுவை விட்டே வெளியேறியிருக்கும். இடைப்பட்ட 10,000 கெல்வின் அளவில்தான், அபிஜித்தைப் போன்ற நட்சத்திரங்களில், அக்கோடு மிக ஆழமாகத் தெரிகிறது. வெப்பநிலைக்கும் அழுத்தத்திற்கும் ஏற்ப அணுக்களில் எத்தனை பங்கு எலக்ட்ரானை இழந்து நிற்கும் என்ற சமன்பாட்டை 1920-இல் கொல்கத்தாவில் இருந்து எழுதியவர் மேகநாத் சாகா. அதைக் கையில் எடுத்துக்கொண்டு 1925-இல் சிசிலியா பெய்ன் தம் ஆய்வேட்டில் கணக்கிட்டபோது, நட்சத்திரங்கள் பெரும்பாலும் ஹைட்ரஜனாலும் ஹீலியத்தாலும் ஆனவை என்ற முடிவு வந்தது. அக்காலத்துப் பெரியவர் ஒருவர் ஏற்காததால், அந்த விடை உண்மையாக இருக்க இயலாது என்று அவரே தம் ஏட்டில் எழுதிவைக்க நேர்ந்தது. நான்கே ஆண்டுகளில் அந்தப் பெரியவரும் அதே முடிவுக்கு வந்து சேர்ந்தார். பாடநூலில் சாகாவின் பெயர் இருந்தால் அதைப் பெட்டிச் செய்தியாகக் கடந்துவிடாமல், இந்த இடத்தில் நிறுத்தி நடத்துங்கள் என்று ஆசிரியரைக் கேட்டுக்கொள்கிறேன்.

தற்சுழற்சி கோட்டின் அகலத்தில் தெரியும். சுழலும் நட்சத்திரத்தின் ஒரு விளிம்பு நம்மை நோக்கியும் மறு விளிம்பு விலகியும் செல்வதால், கோடு இருபுறமும் இழுபட்டு அகன்றுவிடுகிறது. கார்த்திகைக் கூட்டத்தில் உள்ள பிளெயோனி நொடிக்குச் சுமார் 300 கிலோமீட்டர் வேகத்தில் சுழல்கிறது. சூரியனின் நடுக்கோட்டில் அது இரண்டு கிலோமீட்டர்தான்.

ஓசூர் பட்டறை

நான் வானியல் படித்தவன் அல்லன். ஓசூரில் துல்லிய உதிரிப்பாகங்கள் செய்யும் பட்டறை வைத்திருக்கிறேன். என் ஐயம் தொழில் சார்ந்தது. ரேவ் என்ற நட்சத்திரக் கணக்கெடுப்பைப் பற்றி அண்மையில் படித்தேன். அதன் நிறமாலைமானியின் பிரிதிறன், அதாவது அருகருகே உள்ள கோடுகளைப் பிரித்துக் காட்டும் திறன், ஏறத்தாழ 7,500 என்று போட்டிருந்தது. ஒளியின் வேகத்தை அந்த எண்ணால் வகுத்தால் நொடிக்கு 40 கிலோமீட்டர் வருகிறது. ஆனால் நட்சத்திரங்களின் வேகத்தை ஒன்றிரண்டு கிலோமீட்டர் பிழைக்குள் அளந்ததாகச் சொல்கிறார்கள். எங்கள் பட்டறையில் 0.01 மில்லிமீட்டர் மீச்சிற்றளவு கொண்ட மைக்ரோமீட்டரை வைத்துக்கொண்டு 0.0003 மில்லிமீட்டர் அளந்தேன் என்று ஒரு பையன் சொன்னால், அவனை நான் மறுபடி பயிற்சிக்கு அனுப்பிவிடுவேன். இங்கே மட்டும் இது எப்படி அனுமதிக்கப்படுகிறது?

தொப்பூர் இரவுகள்

நியாயமான கேள்வி. பிரிதிறன் என்பது மைக்ரோமீட்டரின் மீச்சிற்றளவு போன்றது அன்று. மங்கலான கண்ணாடி வழியாகப் பார்ப்பது போன்றது. கண்ணாடி மங்கலாக இருந்தால் கோடு அகன்று புகைபோலத் தெரியும். ஆனால் அந்தப் புகையின் நடு எங்கே இருக்கிறது என்பதை, போதுமான ஒளி இருந்தால், அதன் அகலத்தில் மிகச் சிறு பங்கு வரை நுட்பமாகச் சொல்ல முடியும்.

இதற்கு மேல் இன்னொன்று உண்டு. வாசலில் புள்ளிக் கோலம் இடும்போது ஒரு புள்ளி சற்று நகர்ந்திருந்தால் கை தவறியதாகக் கொள்ளலாம். இருபத்தொரு வரிசையும் ஒரே பக்கம் ஒரே அளவில் நகர்ந்திருந்தால், கோலத்தையே தள்ளி இட்டிருக்கிறார்கள் என்று ஐயமில்லாமல் தெரியும். அதுபோல, வேகத்தை எந்த ஒரு கோட்டையும் நம்பி எடுப்பதில்லை. கணிப்பில் உருவாக்கிய மாதிரி நிறமாலை ஒன்றை எடுத்து, அதை நட்சத்திரத்தின் நிறமாலை மீது சிறிது சிறிதாக நகர்த்தி, எந்த இடத்தில் மொத்தமும் மிக நன்றாகப் பொருந்துகிறது என்று பார்க்கிறார்கள். பத்துக் கோடுகள் இருந்தால் ஒரு துல்லியம், நூறு கோடுகள் இருந்தால் அதைவிட நல்ல துல்லியம். இதனால்தான் கோடுகள் குறைந்த, சூடான, வேகமாகச் சுழலும் நட்சத்திரங்களுக்கு வேகம் காண்பது கடினமாகவும், சூரியனைவிடக் குளிர்ந்த நட்சத்திரங்களுக்கு எளிதாகவும் இருக்கிறது.

அளவுகோலைப் பொருத்தவரை, தோரியமும் ஆர்கானும் அடைத்த விளக்கின் ஒளியை நட்சத்திர ஒளியோடு சேர்த்துப் பதிவுசெய்வது பல நிலையங்களில் வழக்கம். அதன் கோடுகள் எங்கே விழும் என்பது முன்கூட்டியே தெரியும். சிலி நாட்டின் லா சில்லாவில் 2003 முதல் இயங்கும் ஹார்ப்ஸ் என்ற கருவியை வெற்றிடக் கலத்துக்குள் அடைத்து, வெப்பநிலையை நூற்றில் ஒரு பாகை அளவுக்கு மாறாமல் வைத்திருக்கிறார்கள். நொடிக்கு ஒரு மீட்டர் அளவு வரை அதனால் அளக்க முடிகிறது. உங்கள் தொழிலில் அளவுக்கூடத்தைக் குளிரூட்டி வைப்பதற்கு என்ன காரணமோ அதே காரணம்தான் இங்கும்.

ஓசூர் பட்டறை

நன்றி, விளங்கியது. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். நடுவைக் காண்பது வேறு, இரண்டைப் பிரித்தறிவது வேறு. புகையாகத் தெரியும் அந்தக் கோடு உண்மையில் அருகருகே உள்ள இரண்டு கோடுகளாக இருந்தால், நீங்கள் காணும் நடு இரண்டுக்கும் பொருந்தாத ஒரு பொய்யான இடமாக இருக்குமே?

தொப்பூர் இரவுகள்

மிகச் சரியாகப் பிடித்துவிட்டீர்கள். அத்தகைய நட்சத்திரங்கள் வானில் ஏராளம். திருமணத்தில் அம்மி மிதித்து அருந்ததி பார்க்கச் சொல்கிறோம் அல்லவா? அருந்ததிக்குப் பக்கத்தில் ஒளிரும் வசிட்டன், அதாவது மிசார், தொலைநோக்கியில் இரண்டாகத் தெரியும். அவற்றுள் பிரகாசமானதன் நிறமாலையில் ஒரு கால்சியம் கோடு சில நாள்களில் ஒற்றையாகவும் சில நாள்களில் இரட்டையாகவும் தெரிவதை 1889-இல் ஹார்வர்டில் கவனித்தார்கள். இரண்டு நட்சத்திரங்கள் ஒன்றையொன்று சுற்றுகின்றன. ஒன்று நம்மை நோக்கி வரும்போது மற்றது விலகுகிறது. அப்போது கோடு பிரிகிறது. சுற்றுக்காலம் 20.5 நாள். நிறமாலையால் மட்டுமே கண்டறியப்பட்ட முதல் இரட்டை இதுதான். வசிட்டனின் மங்கலான துணையும் இதேபோல் இரட்டை என்று பின்னர் தெரிந்தது. அருந்ததிக்கும் ஒரு மங்கலான துணை இருப்பதை 2009-இல் கண்டார்கள். ஆக மணமக்களுக்கு நாம் காட்டுவது இரண்டு நட்சத்திரங்களை அல்ல, ஆறு நட்சத்திரங்களை. புரோகிதரிடம் இதைச் சொன்னால் முகூர்த்தம் தவறிவிடும் என்பதால் நான் சொல்வதில்லை.

ஒரு நட்சத்திரத்தை ஒரே ஒரு முறை பார்த்துவிட்டு நகரும் கணக்கெடுப்புகளில் இந்தப் பிழை கண்டிப்பாக நுழையும். மறுபடி மறுபடி பார்ப்பதைத் தவிர அதற்கு வேறு மருந்து இல்லை.

அரூர் கணக்கு

இப்போதாவது கணக்கெடுப்புகளின் குறையைப் பேசுவோம். எனக்கு நெடுநாளாக ஒரு மனக்குறை. காவலூர் வானாய்வகத்திலோ வேறெங்கோ ஒருவர் ஒரு நட்சத்திரத்தை இரவு முழுவதும் உட்கார்ந்து, 72,000 அளவு பிரிதிறனில் பதிவுசெய்து, இரும்பின் ஒவ்வொரு கோட்டையும் கையால் அளந்து எழுதும் ஆய்வு ஒருபுறம். ஒரே வீச்சில் நூறு, ஆயிரம் ஒளியிழைகளை நட்டு, கணினி நிரல் கொடுத்த வெப்பநிலையையும் உலோகச் செறிவையும் (ஹைட்ரஜன், ஹீலியம் தவிர்த்த தனிமங்களின் அளவையும்) அப்படியே அட்டவணையில் ஏற்றும் வேலை மறுபுறம். இரண்டாவதில் வெப்பநிலையைச் சற்றுக் கூட்டிப் போட்டால் நிரல் உலோகச் செறிவையும் கூட்டிப் போட்டுச் சமன்செய்துவிடும். மாதிரி நிறமாலை பொருந்திவிடும். விடை மட்டும் தவறாக இருக்கும். ஆசிரியர் கேட்ட "கலந்துவிடாமல்" என்பதற்கு முழு நேர்மையான விடை, கலக்கத்தான் செய்கிறது என்பதே.

வேகத்திலும்கூடக் கலப்பு உண்டு. எரிந்து ஓய்ந்து சுருங்கிய நட்சத்திரங்களான வெள்ளைக் குள்ளன்களின் கடும் ஈர்ப்பிலிருந்து ஏறி வரும் ஒளி தன் ஆற்றலை இழந்து சிவப்புப் பக்கம் நகர்கிறது. சிரியஸின் துணையில் இந்த நகர்வு நொடிக்கு 80 கிலோமீட்டர் வேகத்துக்கு ஒப்பானது. அதில் இயக்கம் எதுவும் இல்லை. சூரியனிலேயே இது நொடிக்கு 600 மீட்டருக்கு மேல். கோடு நகர்ந்ததென்றால் நட்சத்திரம் நகர்ந்ததென்று பொருளல்ல.

ஊத்தங்கரை வானம்

அரூர் நண்பர் சொல்லும் கலப்பு உண்மை. அதை நான் முந்தைய பதிவில் மெழுகியது என் பிழை. வெப்பநிலையை நிறத்திலிருந்து தனியே கண்டு நிரலுக்குக் கொடுப்பது, தொலைவு தெரிந்த நட்சத்திரங்களுக்குப் பரப்பு ஈர்ப்பை நிறமாலைக்கு வெளியிலிருந்து கணக்கிட்டுக் கட்டுவது என்று சில கட்டுகளைப் போட்டுத்தான் அந்தக் கலப்பைக் குறைக்கிறார்கள்.

ஆனால் ஒன்றைக் கையால் செய்வது மேல், லட்சத்தை நிரலால் செய்வது தாழ்வு என்ற பிரிவினையை நான் ஏற்கவில்லை. ரேவ் குழுவினர் ஆஸ்திரேலியாவின் சைடிங் ஸ்பிரிங்கில் 1.2 மீட்டர் தொலைநோக்கி ஒன்றில், 2003 முதல் 2013 வரை, நாலரை லட்சம் நட்சத்திரங்களைப் பதிவுசெய்தார்கள். ஒரு தட்டில் ஏறத்தாழ 150 ஒளியிழைகள். ஒவ்வொன்றையும் ஒரு நட்சத்திரம் விழும் இடத்தில் இயந்திரக் கை கொண்டுபோய் வைக்கும். கையா விண்கலம் 2022-இல் வெளியிட்ட மூன்றாம் தொகுப்பில் மூன்று கோடிக்கு மேற்பட்ட நட்சத்திரங்களின் ஆரத்திசைவேகம், அதாவது நம்மை நெருங்கும் அல்லது விலகும் வேகம், இருக்கிறது. இரண்டும் பயன்படுத்தியது அகச்சிவப்பின் தொடக்கத்தில் 850, 854, 866 நானோமீட்டர் அருகே இருக்கும் கால்சியத்தின் மூன்று கோடுகளை. அவை உலோகம் குறைந்த முதிய நட்சத்திரத்திலும் தெரியும் அளவுக்கு வலுவானவை. கணக்கெடுப்புக்கு அவற்றைத் தேர்ந்ததன் காரணம் அதுவே.

எண்ணிக்கையால் என்ன பயன் என்பதற்கு ரோகிணியைச் சொல்கிறேன். ரிஷபத்தின் முகமாகத் தெரியும் ஹயாடிஸ் கூட்டத்தின் நடுவே ரோகிணி நிற்கிறது. பார்ப்பவர் எவரும் அதை அக்கூட்டத்தின் தலைவன் என்றே நினைப்பார். கூட்டத்து நட்சத்திரங்கள் எல்லாம் நொடிக்கு 39 கிலோமீட்டர் அளவில் விலக, ரோகிணி மட்டும் 54 கிலோமீட்டரில் விலகுகிறது. தொலைவைப் பார்த்தால் அது 65 ஒளியாண்டில், கூட்டம் 150 ஒளியாண்டில். ரோகிணி வழிப்போக்கன் என்று எப்படித் தெரிந்தது? கூட்டத்தில் உள்ள மற்றவர்களை அளந்ததால்தான். இதையே பால்வெளி முழுவதற்கும் விரித்தால், பல நூறு கோடி ஆண்டுகளுக்கு முன் நம் பால்வெளியோடு மோதிக் கரைந்த ஒரு சிறு மண்டலத்தின் நட்சத்திரங்களை, அவற்றின் பாதையையும் உலோகக் குறைவையும் சேர்த்துப் பார்த்து 2018-இல் இனங்கண்டார்களே, அதைக் கையால் நூறு நட்சத்திரத்தை அளந்து யாரும் கண்டிருக்க முடியாது.

காவலூர் என்றதால் ஒரு சொல். எங்கள் ஊரிலிருந்து திருப்பத்தூர், ஆலங்காயம் வழியாகப் போனால் சவ்வாது மலையில் இருக்கிறது; பள்ளியிலிருந்து அழைத்துச் செல்ல ஆசிரியர் முன்அனுமதி கேட்டுப் பார்க்கலாம். அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி இந்திய வானியலாளர் வைணு பாப்புவின் பெயரைத் தாங்குகிறது. அமெரிக்க வானியலாளர் வில்சனோடு சேர்ந்து அவர் 1957-இல் வெளியிட்ட கண்டுபிடிப்பு நம் பேச்சுக்கு மிக நெருக்கமானது. குளிர்ந்த நட்சத்திரங்களின் ஆழ்ந்த கால்சியக் கோட்டுக்கு நடுவே மெல்லிய ஒளிக்கீற்று ஒன்று எழும். அதன் அகலம், அந்நட்சத்திரம் உண்மையில் எவ்வளவு ஒளிர்கிறது என்பதோடு நேரான தொடர்பு கொண்டது. ஒரு கோட்டின் அகலத்தை அளந்தே தொலைவைச் சொல்லிவிடலாம் என்றால், அரூர் நண்பரே, அது கையால் அளந்ததன் பெருமைதான், மறுக்கவில்லை.

இழை நெறியாளர்

விவாதம் நன்றாகப் போகிறது. கணினி நிரல்களின் ஒப்பீட்டைத் தனி இழையாகத் தொடங்கக் கேட்டுக்கொள்கிறேன்.

பென்னாகரம் ஆசிரியர்

அனைவருக்கும் நன்றி. அரூர் நண்பரின் எண்களைக் கரும்பலகையில் எழுதினேன். கேட்டையின் எடுத்துக்காட்டு ஒன்றே போதுமானதாக இருந்தது. பிறகு அந்த மாணவி, "திருவாதிரை 21 கிலோமீட்டர் விலகுகிறது என்றால், யாரிடமிருந்து விலகுகிறது? பூமியும் நகர்கிறது, சூரியனும் நகர்கிறதே?" என்றாள். பூமியின் நொடிக்கு 30 கிலோமீட்டர் ஓட்டத்தை முன்பே கழித்துவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும், அதைச் சொன்னேன். சூரியனைப் பற்றிச் சொல்லத் தெரியவில்லை.

அரூர் கணக்கு

அந்தப் பெண் என்னைவிட நல்ல கணக்கர். பட்டியல்களில் இருப்பது சூரியக் குடும்பத்திலிருந்து பார்த்த வேகம்; சூரியனின் சொந்த ஓட்டம் கழிக்கப்படுவதில்லை. அண்டை நட்சத்திரங்களின் சராசரியை நிலையாகக் கொண்டால், சூரியன் நொடிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வேகத்தில், ஹெர்குலிஸ் மண்டலத்தில் அபிஜித்துக்கு அருகே உள்ள ஓர் இடத்தை நோக்கிச் செல்கிறது. 1783-இலேயே வில்லியம் ஹெர்ஷல் இத்திசையை ஏறக்குறையச் சரியாகச் சொல்லிவிட்டார். இதற்கு நேரெதிர்த் திசை, ஓரியனுக்குத் தெற்கே விழுகிறது.

ஆகவே நாம் ஓரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போகிறோம். திருவாதிரை அந்த எதிர்ப்புள்ளியிலிருந்து 37 பாகை விலகியிருப்பதால், 20-இல் ஏறத்தாழ 16 கிலோமீட்டர் அதன் பார்வைக் கோட்டில் விழும். 21-இல் 16 நம்முடைய ஓட்டம். திருவாதிரையின் பங்கு ஐந்துதான். அதே ஓரியனில் இருக்கும் நீல நிற ரைஜலுக்குக் கணக்கிட்டால் நம் பங்கு 18; பட்டியலில் உள்ள வேகமும் 18. விலகுவது முழுக்க முழுக்க நாம்.

பென்னாகரம் ஆசிரியர்

இதை நேற்று வகுப்பில் போட்டுக் காட்டி, சிரியஸுக்குச் செய்துவரச் சொன்னேன். பட்டியலில் அது நொடிக்கு ஐந்தரை கிலோமீட்டர் நெருங்குவதாக இருக்கிறது. எதிர்ப்புள்ளியிலிருந்து அதன் கோணம் 17 பாகை என்று மட்டும் கொடுத்தேன். இன்று காலை வழிபாட்டுக் கூட்டம் தொடங்குவதற்கு முன்பே அவள் நோட்டை நீட்டினாள். "நாம் 19 கிலோமீட்டர் விலகி ஓடியும் அது ஐந்தரை நெருங்குகிறது, ஆக அது 24-க்கு மேல் துரத்துகிறது" என்று எழுதி, கீழே கோட்டுப்படமும் வரைந்திருந்தாள். குறியை மட்டும் ஓரிடத்தில் மாற்றிப் போட்டிருந்தாள்; திருத்திக் கொடுத்தேன்.